பூனையின் தோலுக்கும் முடிக்கும் உலர் உணவு: திருகோணமலையில் வாங்கிப் பார்த்த மூன்று

கறுப்பிக்கு இப்போது நாலு வயது. பெயருக்கு ஏற்ற கறுப்பு, நெற்றியில்கூட ஒரு வெள்ளைப் பொட்டு இல்லை. போன வருடம் கச்சான் காற்று தொடங்கின பிறகு ஒரு நாள் முற்றத்து வெயிலில் படுத்திருந்தவளைப் பார்க்கிறேன், முதுகும் பின்தொடையும் கறுப்பாகவே இல்லை, பழைய இரும்பில் துரு ஏறினதுபோல ஒரு செம்மண் நிறம். தடவினால் வழுக்கிக்கொண்டு போகிற முடி கரகரத்தது, உள்ளங்கையில் தவிடு மாதிரி வெள்ளைச் செதில் ஒட்டிக்கொண்டு வந்தது. கச்சான் வெக்கைக்கு அப்படித்தான் இருக்கும் என்று அம்மா சொன்னார், நானும் நம்பினேன். வெயிலுக்கும் அதில் பங்கு உண்டுதான், கடும் வெயில் கறுப்பு முடியை வெளிறவைக்கும். ஆனால் கச்சான் அடங்கி முதல் மழையும் பெய்த பிறகும் அந்தச் சிவப்பு மாறவில்லை, சொறிதல் கூடிக்கொண்டே போனது. அதற்குப் பிறகுதான் அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று உட்கார்ந்து யோசித்தேன்.

காலையில் சோறும் மீன் குழம்பும். மாலையில் ஒரு கடையில் சாக்கில் இருந்து அள்ளி நிறுத்துத் தருகிற, சிவப்பு பச்சை மஞ்சள் நிறத்தில் மீன் வடிவமாக வெட்டின உலர் உணவு. ஒரு வருடத்துக்கு மேல் இதுதான் நடந்திருக்கிறது.

சாப்பாட்டை மாற்றுவதற்கு முன் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் சொன்னது, "தெள்ளைப் பாருங்கோ, சாப்பாட்டைப் பிறகு கதைப்பம்" என்பதுதான். ஒரு வெள்ளை டிஷ்யூவை நனைத்து விரித்து, வால் தொடங்குகிற இடத்தில் சீப்பால் வாரி, விழுந்த கறுப்புத் துகளை அதில் தட்டினார். மிளகுத் தூள் மாதிரி இருந்த துகளைச் சுற்றிக் கொஞ்ச நேரத்தில் செம்பழுப்பாக ஒரு வளையம் படர்ந்தது. அது தெள்ளின் கழிவு, செரித்த இரத்தம். வெறும் மண்ணாக இருந்தால் அப்படிப் படராது. இதை வீட்டிலேயே இரண்டு நிமிடத்தில் செய்து பார்க்கலாம், தயவுசெய்து செய்து பாருங்கள், ஏனென்றால் பூனை சொறிவதற்கு மிகச் சாதாரணமான காரணம் தெள்ளுக்கடி ஒவ்வாமைதான், அது இருக்கும்வரை எந்த விலையில் எந்தப் பையை வாங்கிப் போட்டாலும் முடி தேறாது. வட்டமாக முடி கொட்டினால் அது பங்கஸாக இருக்கலாம், அது மனிதருக்கும் ஒட்டும், அதற்கும் தீனி மருந்தாகாது. இன்னொன்று: நாய்க்கு விற்கிற தெள்ளு மருந்தைப் பூனைக்குப் பூசவே கூடாது. அவற்றில் பலதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும், அது பூனையைக் கொன்றுவிடும். வேப்பெண்ணெய் பூசுகிற பழக்கமும் நம் வீடுகளில் இருக்கிறது, பூசினதை எல்லாம் பூனை நக்கித்தான் எடுக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

சரி, தெள்ளுக்கு மருந்து போட்டு அது போனது. சொறிதல் பாதியாகக் குறைந்தது. சிவப்பும் செதிலும் அப்படியே நின்றன.

இங்கேதான் சாப்பாடு வருகிறது. முடி என்பது கிட்டத்தட்ட முழுக்கப் புரதம். பூனை உடம்பு முழுவதும் முடி, அது உதிர்ந்து உதிர்ந்து முளைக்கிறது, அதனால் அன்றாடம் உண்கிற புரதத்தில் பெரிய ஒரு பங்கு தோலுக்கும் முடிக்குமே போய்விடும். கறுப்பு நிறத்தைத் தருகிற மெலனினைச் செய்ய ஃபினைலலனைன், டைரோசின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் வேண்டும், அவையும் புரதத்தில் இருந்துதான் வரும். இவை குறைந்தால் கறுப்புப் பூனை செம்பழுப்பாக மாறுகிறது என்பதைக் கலிபோர்னியாவில் ஆராய்ச்சி செய்தே காட்டியிருக்கிறார்கள். குட்டி வளர்வதற்குப் போதுமான அளவுகூட அந்தக் கறுப்பைக் காப்பதற்குப் போதாதாம். சோற்றால் வயிறு நிரப்பின கறுப்பியின் முதுகு துருப்பிடித்ததில் எனக்கு அதற்குப் பிறகு ஆச்சரியம் இல்லை. குழம்புச் சோற்றில் இன்னொரு கேடும் இருக்கிறது. வெங்காயமும் உள்ளியும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். இதைக் கேட்ட அன்றோடு அம்மா குழம்புச் சோற்றை நிறுத்திவிட்டார்.

கொழுப்பும் அதே அளவுக்கு முக்கியம். லினோலெயிக் அமிலம் என்கிற ஒமேகா 6 கொழுப்பு தோலில் ஈரத்தைப் பிடித்துவைக்கிறது, அது குறைந்தால் செதில் உதிரும். கோழிக் கொழுப்பில், சோயா எண்ணெயில் அது நிறைய. அராக்கிடோனிக் அமிலம் என்று இன்னொன்று, அதைப் பூனையால் தன் உடம்பில் போதுமான அளவு செய்ய முடியாது, மிருகக் கொழுப்பில் இருந்துதான் கிடைக்க வேண்டும். அழற்சியைத் தணிக்கிற ஒமேகா 3 மீன் எண்ணெயில் இருக்கிறது. ஆளிவிதையிலும் ஒமேகா 3 என்று பையில் போடுவார்கள், பூனையின் உடம்பு அதைப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றுவது மிகக் குறைவு. கரட் படம் போட்டு விட்டமின் ஏ என்று காட்டுவதும் அப்படித்தான், கரட்டில் இருந்து பூனையால் விட்டமின் ஏ எடுக்க முடியாது.

இனி வாங்கிப் பார்த்தவை.

முதலாவது அந்தச் சாக்கில் அள்ளுகிற சாப்பாடு. கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை, திருகோணமலையில் பல கடைகளில் இதே முறைதான். மலிவு, நூறு கிராமும் வாங்கலாம், கையில் காசு இல்லாத வாரத்தில் அது பெரிய உதவி, அதை நான் மறுக்கவில்லை. 2022இல் ரூபா விழுந்து இறக்குமதிச் சாமான்கள் எல்லாம் எட்டாத விலைக்குப் போன காலத்தில் எத்தனையோ வீட்டுப் பூனைகள் இப்படித்தான் தாக்குப்பிடித்தன. ஆனால் வாய் திறந்த சாக்கு வாசலில், தகரக் கூரைக்குக் கீழ், கடல் காற்றில் மாதக்கணக்கில் நிற்கிறது. எப்போது திறந்தது, எப்போது காலாவதியாகிறது, உள்ளே என்ன இருக்கிறது, ஒன்றும் நமக்குத் தெரியாது, எழுத்தெல்லாம் சாக்கின் மேல்தான், அதுவும் மடித்துச் சுருட்டியிருக்கும். ஒரு நாள் வீட்டில் நாலு உருண்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்து நசுக்கி முகர்ந்து பார்த்தேன். மீன் வாசம் இல்லை, கோழி வாசம் இல்லை, பல தடவை பொரித்துப் பழைய சட்டியில் விட்ட எண்ணெயின் காறல் நாற்றம். கொழுப்பு காறினால் தோலுக்கு வேண்டிய கொழுப்பமிலம் கெடுகிறது, கூடவே விட்டமின் ஈயும் அதைத் தடுக்கப் போய்த் தீர்ந்துவிடுகிறது. மீன் எண்ணெய் எல்லாவற்றிலும் விரைவாகக் கெடும். அதாவது முடிக்கு நல்லது என்று எதற்காக வாங்குகிறோமோ அதுதான் முதலில் போகிறது. நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான், பையின் பெயரைப் பிறகுதான் பார்க்கிறேன்.

இரண்டாவது, சுப்பர்மார்க்கட்டில் கிடைக்கிற, முத்திரையிட்ட நடுத்தர விலைப் பை, மீன் சுவை. முன்பக்கம் பளபளக்கிற பூனை, பெரிய சூரை மீன். பின்பக்கம் முதலில் சோளம், பிறகு கோழி உபபொருள் தூள், மீன் எங்கேயோ கீழே. அமெரிக்க விதிப்படி 'சூரைச் சுவை' என்று போட எவ்வளவு சூரை இருக்க வேண்டும் என்று ஒரு அளவே கிடையாது, சுவை தெரிந்தால் போதும், 'சூரையுடன்' என்று போட்டால் 3 சதவீதம் போதும். நாம் படத்தைப் பார்த்து ஏமாறுவதற்கு இதுவே காரணம். இருந்தாலும் இதை நான் மோசம் என்று சொல்லமாட்டேன். புரதம் 30 சதவீதம், கொழுப்பு 10, பூனைக்குக் கட்டாயம் வேண்டிய டோரின் என்ற சத்தும் சேர்த்திருக்கிறது, வளர்ந்த பூனைக்கு முழுமையான சமநிலை உணவு என்ற வாசகமும் இருக்கிறது. ஆஃப்கோ எனப்படும் அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கம் வளர்ந்த பூனைக்கு வைத்திருக்கும் குறைந்த அளவு, நீரை நீக்கிப் பார்த்தால், புரதம் 26, கொழுப்பு 9. உலர் உணவில் ஏறக்குறைய 10 சதவீதம் நீர், ஆகவே பையில் உள்ள 30 என்பது உண்மையில் 33 அளவில் வரும். தேறிவிட்டது. கொழுப்புதான் விளிம்பில் நிற்கிறது. ஆறு வாரம் கொடுத்தேன், செதில் குறைந்தது, முடியில் பளபளப்பு வரவில்லை. சோற்றில் இருந்து இதற்கு மாறினதே கறுப்பிக்கு ஒரு பெரிய படி, பணம் இவ்வளவுதான் என்றால் கவலைப்படாமல் இதில் நில்லுங்கள்.

மூன்றாவது ரோயல் கனின் ஹெயார் அண்ட் ஸ்கின் கெயார். புரதம் 33, கொழுப்பு 22. பொருட்பட்டியலில் முதலில் உலர்த்திய கோழிப் புரதம், கீழே மிருகக் கொழுப்பு, சோயா எண்ணெய், மீன் எண்ணெய், போரேஜ் என்ற செடியின் விதை எண்ணெய் எல்லாம் தனித்தனியாக. அரிசியும் சோளமும் இதிலும் இருக்கிறது, தானியமே இல்லாததைத் தேடுகிறவர்களுக்கு இது பிடிக்காது, எனக்கு அதில் குறை இல்லை. விலைதான் கை நடுங்கவைக்கும், நடுத்தரப் பையைவிடப் பல மடங்கு. ஆனால் கணக்குப் பார்த்தால் கறுப்பி மூன்றரைக் கிலோ, ஒரு நாளைக்கு 40 முதல் 45 கிராம் போதும், கொழுப்புக் கூடினதால் கொஞ்சத்திலேயே வயிறு நிறைகிறது. 400 கிராம் பை ஒன்பது நாள் வரும், 2 கிலோ பை ஒன்றரை மாதம். அதே கொழுப்புத்தான் கவனிக்க வேண்டியதும், வீட்டுக்குள்ளேயே படுத்துக் கிடக்கிற, கருத்தடை செய்த பூனைக்கு அளக்காமல் கொட்டி வைத்தால் எடை ஏறிவிடும். நான் சமையலறைத் தராசில் நிறுத்துத்தான் போடுகிறேன்.

பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பத்து நாளில் மாற்றினேன். முதல் மாதம் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, நிறுத்திவிடலாமா என்றும் யோசித்தேன், அவ்வளவு காசு. முடி முளைத்து வருவதற்கே ஆறு எட்டு வாரம் வேண்டும் என்று வைத்தியர் பொறுக்கச் சொன்னார். இரண்டாம் மாத முடிவில் செதில் இல்லை. மூன்றாம் மாதம், மழைக்காலத்தில், முதுகில் சிவந்த முடியை விலக்கிப் பார்த்தால் அடியில் புது முடி கரிபோலக் கறுப்பாக வந்திருந்தது, நுனி மட்டும் துரு நிறம். அந்த இரண்டு நிறத்தையும் ஒரே முடியில் பார்த்தபோது வந்த சந்தோஷத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

எல்லாப் பூனைக்கும் இதே பலன் வரும் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வாமை உள்ள பூனைக்குக் கோழியே காரணமாக இருக்கலாம், மாட்டிறைச்சியும் மீனும்கூட, அப்படி என்றால் எட்டு வாரம் வேறு ஒரே புரதம் கொடுத்துப் பார்க்கிற வேலையை வைத்தியரோடு சேர்ந்துதான் செய்ய வேண்டும். அப்புறம் தண்ணீர். உலர் உணவில் ஈரம் மிகக் குறைவு, பூனையும் தானாக நிறையக் குடிக்காது. நான் வீட்டில் மூன்று இடத்தில் கிண்ணம் வைத்திருக்கிறேன். கடுவன் பூனை மூத்திரம் போக முடியாமல் முக்கினால் அன்றைக்கே வைத்தியரிடம் ஓட வேண்டும், மறுநாள் வரை பார்த்திருக்கக் கூடாது.

கடை பற்றியும் சொல்ல வேண்டும். உவர்மலையில் இருந்து டவுனுக்கு இறங்கி மூன்று கடை பார்த்து, கடைசியில் ஒரு சின்னக் கடையில் நிலைத்தேன். பையை எடுத்துத் தருவதற்கு முன் அந்த அண்ணன் தானே திருப்பிக் காலாவதித் திகதியைக் காட்டுவார். "ரெண்டு கிலோ வேண்டாம் தம்பி, ஒரு பூனைதானே, சின்னதா ரெண்டு எடுங்கோ, திறந்தா காத்துப் படும்" என்று தன் வியாபாரத்தைவிட என் பூனையைப் பார்த்துச் சொன்னவர். அவர் கடையில் சாக்கு இல்லை, பைகள் வெயில் படாத உள் தட்டில் இருக்கும். குறை என்றால் சரக்கு ஒழுங்காக வராது, கொழும்பில் இருந்து வர வேண்டும், வாடைக் காலத்தில் பிந்தினால் இரண்டு வாரம் வெறும் தட்டுத்தான். அதனால் பாதி முடியும்போதே சொல்லி வைத்துவிடுவேன்.

வீட்டில் சாப்பாட்டை டப்பாவில் கொட்டுவதில்லை, அதன் பையோடேயே வாயை மடித்துக் கிளிப் போட்டு, இறுக்கமான மூடியுள்ள டின்னுக்குள் வைக்கிறேன். அடுப்புப் பக்கம் வைப்பதில்லை. வாரத்தில் இரண்டு நாள் திருக்கடலூரில் இருந்து வருகிற சூடை மீனை உப்பு, தூள் ஒன்றும் போடாமல் அவித்து, முள் எடுத்து, இரண்டு மூன்று துண்டு மேலே வைக்கிறேன். பச்சையாகக் கொடுப்பதில்லை, சில மீன்களில் பச்சையில் உள்ள ஒரு நொதியம் விட்டமின் பி1ஐ அழிக்கும், அவித்தால் அது செத்துவிடும். இந்த மாதக் காசு நெருக்கடியில் விலை கூடின பையையும் நடுத்தரப் பையையும் பாதிக்குப் பாதி கலந்து கொடுக்கிறேன், மூன்று வாரம் ஆகிறது, முடி அப்படியே வழுக்குகிறது. கச்சான் திரும்பத் தொடங்கிவிட்டது, காலையில் கறுப்பி அதே முற்றத்தில்தான் படுத்திருந்தாள், வால் நுனியில் மட்டும் இன்னும் ஒரு விரற்கடை சிவப்பு மிச்சம் இருக்கிறது.