அம்பாசடரைப் பளபளப்பாக்க: சென்னையில் யாரிடம் எதைக் கொடுக்கலாம்

பெரியப்பாவின் அம்பாசடர் 1972ஆம் ஆண்டு வண்டி, மார்க் 2. பல்லாவரத்து வீட்டு ஷெட்டில் ஓடும் நிலையில்தான் நிற்கிறது. ஆனால் பம்பரில் துரு, முன்கண்ணாடியைச் சுற்றி ஓடும் உலோகப் பட்டையான பீடிங்கில் நெளிவு, கதவுக் கைப்பிடிகளில் அம்மைத் தழும்பு போலக் குழிகள். ஐம்பது ஆண்டு தாண்டிய, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்கென மத்திய அரசு 2021இல் கொண்டுவந்த விதிப்படி 'விஏ' எழுத்துகளோடு பதிவெண் வாங்க வேண்டும் என்பது அவர் ஆசை. கட்டணம் 20,000 ரூபாய். "அதற்கு முன் மூஞ்சி பளிச்சென்று இருக்க வேண்டாமா?" என்று கேட்டு, விடுமுறையில் வந்த என் தலையில் வேலையைக் கட்டிவிட்டார்.

நான் வசிக்கும் ஜெர்மனியில் பழைய பாகங்களுக்குக் குரோம் முலாம் போட நினைத்தாலே பர்ஸ் இளைத்துவிடும். அந்த முலாமுக்கான ரசாயனமான குரோம் டிரையாக்சைடைப் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் தனி அனுமதி வேண்டும். அந்தக் கெடுபிடியில் நியாயம் இல்லாமல் இல்லை. மூடிய ஆலை ஒன்றின் குரோமியக் கழிவு ராணிப்பேட்டை நிலத்தடி நீரை என்ன செய்தது என்று தெரிந்தவர்கள் முணுமுணுக்க மாட்டார்கள். அதனால் முலாம் போடும் இடத்தில் நான் முதலில் கேட்டது விலையை அல்ல, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியை. ஓர் இடத்தில் அந்தக் கேள்விக்கே முகம் சுளித்தார்கள். கைப்பிடி, பம்பர் எல்லாவற்றையும் ஒரே அமிலத் தொட்டியில் போட்டு எடுத்துவிடலாம் என்றும் சொன்னார்கள். கைப்பிடி துத்தநாகக் கலவை வார்ப்பு. இரும்புக்கான அமிலத்தில் போட்டால் கரைந்தே போகும். பொருளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அம்பத்தூரில் கிடைத்தவர் வேறு ரகம். எங்கள் பம்பரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், முலாம் என் பையன்கூடப் போடுவான். அதற்கு முந்தைய வேலைக்குத்தான் ஆள் வேண்டும்" என்றார். நூற்றுக்கு நூறு உண்மை. மேலே தெரியும் குரோம் ஒரு மைக்ரான்கூட இருக்காது. துருவைத் தடுப்பதும் ஆழமான பளபளப்பைத் தருவதும் அதன் அடியில் இருக்கும் நிக்கல்தான். நிக்கலுக்கு அடியில் செம்பு. இத்தனை அடுக்கு இருந்தும் இரும்பில் ஒரு கீறல் மிச்சமிருந்தால் குரோம் அதை மறைக்காது, எடுத்துக் காட்டும்.

இந்த ஊரில் தேட வேண்டியது நல்ல பாலிஷ்காரரைத்தான். அம்பத்தூர்க்காரர் அனுப்பிவைத்த பெரியவரின் பட்டறையில் பீடிங்கைச் சரிசெய்த விதத்தை நின்று பார்த்தேன். எவர்சில்வர் பட்டையை மரக்கட்டை மேல் கவிழ்த்து, உட்புறத்திலிருந்து சிறு சுத்தியலால் பொத்துப் பொத்தென்று தட்டினார். பிறகு நிமிர்த்தி, மேலே அரத்தை ஒரே ஓர் இழுப்பு. மேடு பட்ட இடம் மின்னியது, பள்ளம் மங்கலாகவே நின்றது. மங்கல் இருக்கும் இடத்தின் பின்புறம் மட்டும் மறுபடி தட்டல். மங்கலே இல்லாமல் போன பிறகுதான் எமரித் தாள், முரட்டுத் தாளில் தொடங்கிப் படிப்படியாக நைசு வரை. கடைசியில் கற்றாழை நார்ச் சக்கரம், அதன்பின் துணிச் சக்கரம். எவர்சில்வருக்கு முலாமே தேவையில்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை; அதற்கும் சேர்த்துப் பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அலுமினியப் பட்டைகள் இன்னும் சுலபம். மேலே மின்முறையில் ஏற்றிய காப்பான அனோடைஸ் படலத்தைக் காஸ்டிக் சோடாவில் கழற்றிவிட்டுத் தேய்த்தால் போதும்.

உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் புதிய பீடிங்கும் கிடைக்கிறது. கையில் எடுத்தால் தகடு வளைகிறது. நெளிந்திருந்தாலும் பழையதே மேல் என்பது என் கட்சி.

முலாம் போட்ட பம்பரைத் திரும்ப வாங்கும்போது சோதிக்க இரண்டு வழி. டியூப்லைட்டை அதில் பார்க்க வேண்டும். கோடு நெளிந்து தெரிந்தால் தேய்ப்பில் அவசரப்பட்டிருக்கிறார்கள். பிறகு உள்வளைவைப் பார்க்க வேண்டும். குரோம் லேசான நீலச் சாயலில் இருக்கும். மஞ்சள் சாயல் தெரிந்தால் அங்கே குரோம் ஏறாமல் நிக்கலோடு நின்றுவிட்டது என்று பொருள். எங்கள் பின் பம்பரில் ஒரு முனை அப்படி இருந்தது. காட்டியதும் அம்பத்தூர்க்காரர் மறுபேச்சில்லாமல் திரும்ப எடுத்துக்கொண்டார்.

கைப்பிடிகள்தான் கழுத்தறுப்பு. குழி ஒவ்வொன்றையும் சுரண்டி, செம்பால் நிரப்பி, தேய்த்து, மறுபடி நிரப்ப வேண்டும். விடுமுறைக்குள் முடிகிற காரியமில்லை. புதுப்பேட்டைக் காயலான் கடைகளில் அலசியதில் குழி விழாத ஒரு ஜோடி கிடைத்தது, அதுவும் பின்கதவுக்கு மட்டும். முன்கதவுக் கைப்பிடிகளை அம்பத்தூர்க்காரரிடமே விட்டு வந்திருக்கிறேன். திரும்பும் டிக்கெட் தேதியை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலை அந்தத் தேதிக்கு முந்தைய நாள் இரவு அவசர அவசரமாக முடியும்.

பம்பர் வந்ததிலிருந்து பெரியப்பாவுக்கு ஆசை கூடிவிட்டது. வைப்பர் கம்பிக்கும் குரோம் போடலாமா என்று போனில் கேட்கிறார். வெயிலில் ஓட்டுகிறவர் கண்ணே கூசும், வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.