என் மொறிஸ் மைனரும் அந்தப் பின் மட்காட்டும்

வவுனியா நண்பன் ஒருவன், மொறிஸ் மைனர் என்கிற பழைய இங்கிலாந்துக் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, எடுக்கட்டோ என்று கேட்டிருந்தான். கேட்பதில் பிழையில்லை. 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதும் பழசுக்கெல்லாம் மவுசு வந்தது. 2025 இல் திறந்துவிட்ட பிறகும், வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதுக்கார் எங்களுக்கு எட்டுகிற விலையில் இல்லை. ஆனால் அவன் கேட்ட நேரம்தான் பிழை. என் மைனர் இப்போது இடது பின் மட்காட், அதாவது சக்கரத்தை மூடி நிற்கிற தகடு, இல்லாமல் கராச்சில் நிற்கிறது, மறுபடி பெயின்ற் அடிக்க. ஆகவே கொஞ்சம் சூட்டோடுதான் எழுதுகிறேன்.

என்னுடையது நாலு கதவு, 1098 சிசி எஞ்சின். அந்த எஞ்சினைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. போர்க்காலத்தில் எரிபொருள் தடை இருந்தபோது வன்னிக்குள்ளேயே ஓடிய கார் இது. காபரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டிய காலம். எரியாமல் மிஞ்சுகிற மண்ணெண்ணெய் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கிவிடும். அந்தக் கொடுமையையும் தாங்கிப் பிழைத்த எஞ்சினுக்குச் சிலிண்டரைக் கடைந்து, புதுப் பிஸ்டன் போட்டோம், அவ்வளவுதான். காலையில் சாவியைத் திருப்பினால் பெற்றோல் பம்ப் டிக் டிக் என்று அடிக்கும். காபரேற்றர் நிரம்பியதும் தானாக அடங்கும். அப்போது ஸ்ரார்ட் கொடுத்தால் ஒரே பிடி. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் போகிற ஏ35 வீதியில் இதை ஓட்டுகிற சுகத்துக்கு இன்னொரு கார் சொல்ல என்னால் முடியாது.

சாமான் கிடைக்குமா என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். கிடைக்கும். கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்காதது குறைவு. 1990களில் மைனருக்குத் தகட்டுச் சாமான்களை இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. நட்டுக் கழற்றுகிற சாவிகள் மட்டும் அங்குலக் கணக்கில் இருக்க வேண்டும். அரை அங்குல நட்டுக்கு 13 மில்லிமீற்றர் சாவி ஒருமாதிரிப் பிடிக்கும். 7/16 க்கு 11 பிடிக்கும். பழைய நட்டில் அந்த ஒருமாதிரியை நம்பி இறுக்கினால் தலை மழுங்கும். பிறேக் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் கால்தட்டுக்குக் கீழே, சேசிக்குள்ளே ஒளிந்திருக்கிறது. அதைக் கழற்றுகிற மெக்கானிக் பாஸ் அன்றைக்கு யாரோடும் முகம் கொடுத்துப் பேசமாட்டார். சரி, அதெல்லாம் பொறுக்கலாம்.

பொறுக்க முடியாதது அந்த மட்காட். மைனரின் பின் மட்காட்டுகள் போல்ட் போட்டுப் பூட்டியவை. மட்காட்டுக்கும் பொடிக்கும் நடுவே பைப்பிங் என்கிற மெல்லிய பட்டி ஒன்று ஓடுகிறது. பெயின்ற் அடிக்கிறவர் மட்காட்டைக் கழற்றி, இரண்டு தகட்டின் விளிம்புகளுக்கும் தனித்தனியே பிறைமரும் பெயின்றும் அடித்து, பிறகு புதுப் பைப்பிங்கோடு பூட்ட வேண்டும். எனக்கு அடித்தவர் கழற்றவில்லை. பூட்டியபடியே, பைப்பிங்குக்கும் சேர்த்து அடித்துத் தந்துவிட்டார். கராச் வாசலில் பார்த்தபோது கண்ணாடிதான். முதல் மாரி முடிய, பைப்பிங் ஓரமாகச் சோளப்பொரி அளவில் ஒரு கொப்புளம். நகத்தால் கிள்ளினேன், பெயின்ற் தோலாக உரிந்து வந்தது, அதன் பின்னால் பள்ளம் நிரப்பப் பூசுகிற பில்லர் பசை, அதற்கும் பின்னால் மண்ணிறத் துரு. எங்கள் ஊர்க் கிறவல் றோட்டுச் செம்புழுதி அந்த இடுக்கில் போய் அடைந்து, மழை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வெயில் வந்த பிறகும் உள்ளே காயாது. பில்லர் வேறு ஈரத்தை உறிஞ்சும். சுரண்டி, அடித்து, மெருகேற்றினார்கள். அடுத்த மாரிக்கு அதே இடம், கொஞ்சம் பெரிதாக.

கேட்டால், "தம்பி, பழைய தகரம், துரு வரத்தான் செய்யும்" என்கிறார். வலது மட்காட்டும் அதே வயதுத் தகரம்தானே ஐயா? அதை முன்பு ஒருமுறை கழற்றிச் செய்திருந்தார்கள். அங்கே ஒரு புள்ளியும் இல்லை. நியாயமாகச் சொன்னால், கதவுகளிலும் பொனற்றிலும் அவர் வேலை நல்ல வேலை. பின்னேர வெயிலில் தகட்டோடு கண்ணை வைத்து நீளமாகப் பார்த்தேன், தோடம்பழத் தோல் மாதிரிச் சொரசொரப்பு எங்கும் இல்லை. மாரிக்காலத்து ஈரக்காற்றில் அடித்தால் வருகிற வெண்படலமும் இல்லை. அவ்வளவு கை சுத்தமுள்ள மனிதருக்குச் சில போல்ட்டைக் கழற்றப் பஞ்சி என்பதுதான் எனக்கு எரிகிறது.

மச்சான், நீ பார்க்கப் போகிற காருக்கு ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கொண்டு போ. கதவின் அடிப்பக்கம், சக்கர வளைவு, பைப்பிங் ஓரம் எல்லாம் வைத்துப் பார். ஒட்டாத இடத்தில் இருப்பது பில்லர். வளைவின் உள்விளிம்பை விரலால் தடவு. புதுப் பெயின்ற் தூசாகப் படிந்திருந்தால் கழற்றாமல் அடித்தது. முன் சக்கரம் திரும்புகிற மூட்டுகளான பிவட்டுகளுக்குக் கிறீஸ் போயிருக்கிறதா என்றும் பார், அது தேய்ந்து கழன்றால் சக்கரமே மடிந்துவிடும்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு என்ன முடிவு என்றால், வாங்காதே. இந்தக் கிழமை என் பதில் அதுதான். என்னுடையதை விலை கேட்டும் வராதே, தரமாட்டேன். வாங்கியே தீருவாய் என்றால், பெயின்ற் கூலியில் பாதியைக் கையில் வைத்துக்கொள். மட்காட் கழன்று தரையில் கிடப்பதைக் கண்ணால் கண்ட பிறகு கொடு.