செயின்ட் ஜூட், சென்னை: கேன்சர் ட்ரீட்மெண்ட்டுக்கு வர்ற பிள்ளைங்களும் பெத்தவங்களும் தங்குற வீடு

பிள்ளைக்கு கேன்சர்னு சொல்லி சென்னைக்கு அனுப்பியிருக்காங்க, எங்க தங்குறதுன்னு தெரியாம தேடிக்கிட்டு இருக்கற யாராச்சும் கண்ணுல இது படணும்னுதான் எழுதுறேன். செயின்ட் ஜூட் இந்தியா சைல்ட்கேர் சென்டர்ஸ்னு ஒரு ட்ரஸ்ட், வெளியூர்ல இருந்து வர்ற பிள்ளையும் அப்பா அம்மாவும் ட்ரீட்மெண்ட் நடக்கறப்ப தங்கிக்க இடம் குடுக்கறாங்க, வாடகை கிடையாது. எங்க அக்கா பையன் அங்க இருந்துதான் அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டுக்கு போய்வந்தான். ப்ளட் கேன்சர், ஏ.எல்.எல்.னு சொல்ற வகை.

இந்த வியாதிக்கு மாசக்கணக்கா பெட்லயே வச்சுப் பாக்க மாட்டாங்க. கீமோ ஏத்தி அனுப்பிடுவாங்க, அப்புறம் ப்ளட் டெஸ்ட்டுக்கு வா, முதுகுல ஊசி போட வா, நடுவுல கவுன்ட் (ரத்தத்துல இருக்கற வெள்ளை அணு எண்ணிக்கை) இறங்கி காய்ச்சல் வந்துட்டா நடுராத்திரின்னாலும் பிள்ளைய தூக்கிக்கிட்டு ஓடணும், காலைல பாத்துக்கலாம்னு இருக்கவே கூடாது. முதல் ஆறேழு மாசம் இப்படித்தான் போகும், அதுக்கப்புறம் மெயின்டெனன்ஸ், அதாவது வியாதி திரும்ப வராம இருக்க லேசான டோஸ்ல மருந்து தொடர்ந்து குடுக்கறது, எல்லாம் சேத்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆயிடும். கள்ளக்குறிச்சி பக்கம் ஒரு கிராமத்துல இருந்துக்கிட்டு இதெல்லாம் எப்படி செய்யறது? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் கவர் ஆகுது, ட்ரீட்மெண்ட் செலவுக்கு அது பெரிய கை. ஆனா ரூம் வாடகை, சாப்பாடு, ஆட்டோ, மாமாவுக்கு போன கூலி, இதெல்லாம் அதுல வராதுல்ல.

முதல்ல ஒரு லாட்ஜ்லதான் தங்குனாங்க. வெளி சாப்பாடு தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லி அனுப்பறாங்க, லாட்ஜ்லயோ ரூம்ல சமைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அந்த நேரம் பாத்து பையனுக்கு ஸ்டீராய்ட் வேற ஓடுது. ஸ்டீராய்ட் குடுத்த பிள்ளைய பாத்தவங்களுக்குத் தெரியும், பசின்னா அப்படி ஒரு பசி, சாப்ட்டு கை கழுவுன உடனே ரசஞ்சாதம் வேணும்னு அழுவான், முட்டை கேப்பான், குடுக்கலன்னா சுவத்துல முட்டிக்குவான். அக்கா ஃப்ளாஸ்க்கோட பக்கத்துல இருந்த ஒரு வீட்ல போய் கொஞ்சம் சாதம் வடிச்சுத் தர முடியுமான்னு கேட்டு நின்னுருக்கு.

செயின்ட் ஜூட்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த கிச்சன்தான். மெஸ் மாதிரி மொத்தமா சமைச்சுப் போடறதில்ல, ரேஷன் சாமான் குடுத்துடறாங்க, அவங்கவங்க பிள்ளைக்கு அவங்கவங்களே அடுப்புல சமைச்சுக்கணும். அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை எல்லாம் வந்துடுது. நான் போனப்ப அக்கா குக்கர் வச்சுக்கிட்டு இருந்துச்சு, பக்கத்து அடுப்புல வேற மாநிலத்துல இருந்து வந்த ஒரு அம்மா கிழங்கு வதக்கிட்டு இருந்தாங்க, ரெண்டு பேருக்கும் பாஷை சுத்தமா புரியல ஆனா எந்த பிள்ளைக்கு இன்னைக்கு கவுன்ட் எவ்ளோன்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருந்துச்சு. பையன் கேட்ட ரசஞ்சாதம் கேட்டப்ப கிடைச்சுது, சூடா, அவன் அம்மா கையால.

சுத்தத்துல ரொம்ப கறார். செருப்ப வெளியவே விடணும், கைய சோப்பு போட்டு கழுவிட்டுதான் உள்ள போகணும், குடும்பங்களே இடத்த தொடைச்சு வச்சுக்கணும். ஊர்ல இருந்து பாக்க வர்ற சொந்தக்காரங்களுக்கு இது சங்கடமா இருக்கும், ஆனா கீமோ நடக்கற பிள்ளைக்கு சாதாரண சளி கூட ஆபத்து, அதனால கோவிச்சுக்காதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போக வர வண்டி இருக்கு, பிள்ளைங்களுக்கு பாடம், வரையறது, விளையாட்டு இருக்கு, பெத்தவங்களுக்கு கவுன்சிலிங்கும் உண்டு. மாமா யார்கிட்டயும் வாய் திறக்காத ஆளு, அங்க இன்னொரு பையனோட அப்பாகிட்ட உக்காந்து பேசிக்கிட்டு இருந்ததப் பாத்து எனக்கே ஆச்சரியம்.

பேர வச்சு அமெரிக்காவுல மெம்பிஸ்ல இருக்கற பெரிய ஆஸ்பத்திரின்னு நெனச்சுக்காதீங்க, அது வேற. இது 2006ல மும்பைல நிஹால் கவிரத்னே, ஷ்யாமா கவிரத்னேன்னு ஒரு தம்பதி ஆரம்பிச்சது, டாடா மெமோரியல் ஆஸ்பத்திரி வாசல்ல ப்ளாட்ஃபாரத்துல பிள்ளைங்களோட படுத்துக் கெடந்த குடும்பங்களப் பாத்துட்டு. இப்போ டெல்லி, கொல்கத்தா, ஹைதராபாத்னு பல ஊர்ல இருக்கு. வசதியான நாடுகள்ல ஏ.எல்.எல். வந்த பிள்ளைங்கள்ல பத்துல ஒம்போது பேர் கிட்ட பொழைச்சுக்கறாங்க, நம்ம நாட்டுல அந்த அளவுக்கு வராததுக்கு ஒரு முக்கிய காரணம் பாதியில நிறுத்திட்டு ஊருக்குப் போயிடறது. மருந்து இருந்தும், டாக்டர் இருந்தும், தங்க இடம் இல்லாம திரும்பிப் போறாங்கன்னா அது எவ்ளோ பெரிய கொடுமை. அதனால இந்த மாதிரி இடத்த தர்மம்னு சொல்றதே எனக்குப் பிடிக்கல, இதுவும் ட்ரீட்மெண்ட்தான்.

மனசுல உறுத்துற விஷயம் ரெண்டு. வர்ற குடும்பங்களுக்கு இந்த இடங்கள் பத்தவே பத்தாது, இன்னும் எத்தனையோ வேணும். அப்புறம் வீட்ல இருக்கற மத்த பிள்ளைங்க. அக்காவோட மூத்த பொண்ணு அவ்ளோ நாளும் ஊர்ல பாட்டிகிட்ட இருந்தா, தம்பிக்கு என்னாச்சுன்னு முழுசா யாரும் சொல்லல, அவளா ஏதேதோ நெனச்சு பயந்துருக்கா. இது எந்த ட்ரஸ்ட்டோட தப்பும் இல்ல, ஆனா இந்தப் பிள்ளைங்களுக்கும் யாராச்சும் உக்காந்து சொல்லணும், வாரம் ஒரு தடவ வீடியோ கால்லயாவது பேச வைங்க.

இடம் வேணும்னா நேரா போய் பெட்டியோட நிக்காதீங்க, ஆஸ்பத்திரி மூலமாதான் அனுப்புவாங்க, ட்ரீட்மெண்ட் முடிவான அன்னைக்கே அங்க இருக்கற சோஷியல் வொர்க்கர்கிட்ட கேட்டுடுங்க. அப்படியே ரயில் கன்செஷன் ஃபார்ம்லயும் கையெழுத்து வாங்கிடுங்க, ட்ரீட்மெண்ட்டுக்கு போய்வர ஸ்லீப்பர்லயும் தேர்ட் ஏசிலயும் கேன்சர் பேஷண்ட்டுக்கு டிக்கெட் கட்டணம் கிடையாது, கூட வர்ற ஒருத்தருக்கு 75 சதவீதம் குறையும்.