காரைக்குடி பக்கம் போனா எங்க சாப்பிடலாம்

போன மாசம் பிள்ளையார்பட்டி போயிட்டு அப்படியே காரைக்குடில ரெண்டு நாள் தங்கினோம், சாப்பாட்டுக்காகவே இன்னொரு தடவ போகணும்னு இருக்கு. கம்மி செலவுன்னா பஸ் ஸ்டாண்ட் சுத்தி இருக்குற சின்ன மெஸ்ஸு தான், மதியம் 1 மணிக்கு முன்னாடி போயிடுங்க, லேட்டானா நாட்டுக்கோழி தீந்துரும். சாயங்காலம் ரோட்டோர கடைல வெள்ளப் பணியாரம் சுடுறத நின்னு பாருங்க, கரண்டில மாவ எண்ணெய்ல ஊத்துனதும் ஓரம் மட்டும் மொறுமொறுன்னு சுருங்கி நடுவுல பஞ்சு மாதிரி உப்பி வரும், அத வரமிளகா சட்னில தொட்டு சூடா வாயில போட்டா, அடடா!

கொஞ்சம் செலவு பண்ணலாம்னா காரைக்குடிலயே 'பங்களா'ன்னு ஒரு ஹோட்டல் இருக்கு. பழைய செட்டியார் வீட்டு ஸ்டைல்ல வாழ இலை போட்டு பரிமாறுவாங்க, ஆனா முன்னாடியே போன் பண்ணி சொல்லிடணும். வெல கூடத்தான், எனக்கு அது நியாயமா பட்டுச்சு. கானாடுகாத்தான்ல விசாலம் இருக்கு, அரண்மன மாதிரி வீட்ட ஹோட்டலா மாத்திருக்காங்க, அமைதியா உக்காந்து சாப்பிட நல்ல இடம்.

ஒண்ணு மட்டும் சொல்றேன், செட்டிநாடுன்னா வெறும் காரம் இல்ல. வர்ற வழில ஹைவேல ஒரு ஹோட்டல்ல செட்டிநாடு சிக்கன்னு கலர் பொடிய கொட்டி குடுத்தாங்க, மனசு கஷ்டமாயிடுச்சு. கல்பாசி, மராத்தி மொக்கு எல்லாம் வறுத்து அரைச்ச வாசனை தாங்க அந்த ஊரு சாப்பாடே. கெளம்புறப்ப கவுனி அரிசி, அதான் அந்த கருப்பு அரிசி, ஒரு கிலோ வாங்கிக்கங்க, சமைக்கிறதுக்கு முந்தின ராத்திரியே ஊறப் போடணும்.