புரதத்துக்குச் சாயம்: புரோமோஃபீனால் ப்ளூவா, நின்ஹைட்ரின்–ஷிஃப்பா?

திசு வெட்டில் (நுண்ணோக்கிக்காக மெல்லியதாகச் சீவிய திசுவில்) புரதம் எங்கெங்கே இருக்கிறது என்று பார்க்க இரண்டு பழைய முறைகள் உண்டு. ஒன்று மேசியா, புரூவர், ஆல்ஃபெர்ட் தந்த மெர்க்குரிக் புரோமோஃபீனால் ப்ளூ; மற்றது யசுமாவும் இச்சிக்காவாவும் தந்த நின்ஹைட்ரின்–ஷிஃப். இரண்டும் 1953இல் வெளிவந்தவை.

முதலாவதைத் தயாரிப்பது சுலபம். 100 மி.லி. 2% அசெடிக் அமிலத்தில் 1 கிராம் மெர்க்குரிக் குளோரைடும் 50 மி.கி. சாயமும் கரைத்தால் போதும். அறை வெப்பத்தில் 2 மணி நேரம் ஊறவிட்டு, 0.5% அசெடிக் அமிலத்தில் அலசும்போது வெட்டு மஞ்சளும் பச்சையுமாகத் தெரியும். சாயம் ஏறவில்லையோ என்று பதற வேண்டாம். இந்தச் சாயம் பிஹெச் 3க்குக் கீழே மஞ்சள், 4.6க்கு மேலே நீலம். தண்ணீருக்கு மாற்றியதும் நீலம் பளிச்சென்று எழும். ஆபத்து அதற்கு அப்புறம்தான்: வெட்டிலிருந்து நீரை நீக்க வழக்கமாகப் பயன்படுத்தும் எத்தனாலில் நிறம் கரைந்து போகும், அதனால் நேராக டெர்ஷியரி பியூட்டனாலுக்கும், அதிலிருந்து சைலீனுக்கும் போவது நல்லது.

பாதரசம்தான் இதன் பெரிய தொல்லை. கையுறை இல்லாமல் தொடக்கூடாது, உலோக இடுக்கியை அரித்துவிடும், கழிவைத் தொட்டியில் ஊற்றவே கூடாது. உண்மையில் பாதரசத்தை விட்டுவிட்டு அமிலத்தில் சாயத்தை மட்டும் கரைத்தாலும் புரதங்கள் நிறமேறும். காரத்தன்மையுள்ள தொகுதிகளில் போய் ஒட்டும் அமிலச் சாயம்தானே இது!

நின்ஹைட்ரின்–ஷிஃப்புக்குப் பொறுமை வேண்டும். 0.5% நின்ஹைட்ரினை எத்தனாலில் கரைத்து, 37 டிகிரியில் இரவு முழுக்க வைக்க வேண்டும். அமினோ தொகுதிகள் ஆல்டிஹைடாக மாற, ஆல்டிஹைடைக் காட்டிக்கொடுக்கும் ஷிஃப் கரைசல் அவற்றைச் சிவந்த ஊதாவாக்கும். எத்தனால் வரிசையில் இந்த நிறம் அசையாது. ஆனால் திசுவைப் பதப்படுத்தப் பயன்படும் ஃபார்மலின் அமினோ தொகுதிகளில் ஒரு பங்கை ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கும், நிறம் மங்கும். ஃபார்மலின் இல்லாத கார்னாய் திரவத்தில் பதப்படுத்திய திசுவே நல்லது. நின்ஹைட்ரின் படாத ஒரு வெட்டையும் கூடவே ஷிஃப்பில் போடுங்கள். அதுவும் சிவந்தால், அந்த ஆல்டிஹைடு திசுவிலேயே இருந்தது.

மொத்தப் புரதப் பரவலைப் பார்க்க என் ஓட்டு, பாதரசம் இல்லாத புரோமோஃபீனால் ப்ளூவுக்கே. அமினோ தொகுதியைத்தான் காட்டுகிறோம் என்று வேதியியல் ரீதியாக வாதாட வேண்டுமானால் நின்ஹைட்ரின். ஹிஸ்டோன் (டிஎன்ஏவோடு பிணைந்திருக்கும் புரதம்) மட்டும் வேண்டுமா? இரண்டும் உதவாது. 5% ட்ரைகுளோரோஅசெடிக் அமிலத்தில், கொதிநீர்க் குளியலில் 15 நிமிடம் வைத்து டிஎன்ஏவை நீக்கிவிட்டு, பிஹெச் 8இல் ஃபாஸ்ட் கிரீன் என்ற பச்சைச் சாயத்தைப் போடுங்கள்.