பொய் நோய்களுக்கு ஓர் அட்டைப் பெட்டி: மதிப்புரை

வேடிக்கைக்காகப் புனையப்பட்ட நோய்ப் பெயர்களை அட்டைக்கு ஒன்றாகத் தொகுத்துத் தரும் இந்தப் பெட்டியை, சொற்களை நேசிக்கும் எவருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். சாதாரண ஜலதோஷத்துக்கே மரணப் படுக்கையில் கிடப்பதுபோல் புலம்பும் ஆண்களுக்கான ‘மேன் ஃப்ளூ’, தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று சிறுவர்கள் விளையாட்டில் விலகி ஓடும் ‘கூட்டீஸ்’, 1954-இல் பிபிசி வானொலியின் நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றால் பரவிய ‘லர்கி’ ஆகியவை எதிர்பார்த்தபடியே இடம்பெற்றுள்ளன.

பெட்டியின் மணிமகுடம் செல்லோ அட்டைதான். அந்த இசைக்கருவியை வாசிப்பதால் ஆண்களின் விதைப்பையில் எரிச்சல் உண்டாவதாக 1974-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கடிதம் வெளியானது. மருத்துவ எழுத்துகளில் மெய்யான நோயாகவே மேற்கோள் காட்டப்பட்டு வந்த அது கட்டுக்கதை என்பதை, அனுப்பியவர்கள் 2009-இல்தான் அதே இதழில் ஒப்புக்கொண்டார்கள். வாசிப்பவர் அமரும் விதத்தைப் படமாக வரைந்து, அந்த நோய் ஏன் வர இயலாது என்று விளக்கியிருப்பது மிகச் சிறப்பு.

கைப்பேசியைப் பிரிந்தால் வரும் பதற்றமான ‘நோமோஃபோபியா’வை வெறும் கேலியாகச் சேர்த்ததை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. அந்தப் பதற்றத்தால் உண்மையில் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆய்வாளர்களும் அதை ஆராய்கிறார்கள். அடுத்த பதிப்பில் அந்த அட்டையை நீக்கிவிட்டு, விளக்க வரிகளின் எழுத்தளவையும் சற்றுப் பெரிதாக்க வேண்டும்.