ஸ்ட்ரீமுக்குள் கோப்பு படித்தால்: நெடுநாள் புழக்கத்துக்குப் பின்

மலேசியாவின் ஈப்போவில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் சித்தப்பா மகன் கேட்டான்: "அண்ணே, ஜாவாவுல லாம்டாக்குள்ள ஃபைல் படிச்சா கம்பைலர் விடமாட்டேங்குது. எந்த லைப்ரரி போடலாம்?" லாம்டா என்பது பெயர் வைக்காமல் அந்த இடத்திலேயே எழுதிக் கொடுக்கும் சின்ன மெத்தட்.

சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்து செம்பனை ஆலைகளுக்கு எடைக்கணக்கு மென்பொருள் எழுதுகிறவன் நான். லோரிகளின் எடைச்சீட்டுகள் சிஎஸ்வி கோப்புகளாக வரும். அவற்றைத் தோட்டவாரியாகப் பிரித்துக் கூட்ட ஸ்ட்ரீமில் (தரவுகளை ஒவ்வொன்றாகப் படிப்படியாகக் கடத்தும் வசதி) ஒரே வரி போதும். 2014-இல் வந்த ஜாவா 8-க்கு அந்த ஒரு காரியத்துக்காகவே கும்பிடு போடலாம்.

கோப்பைத் திறக்கும் வேலையை, ஒவ்வொன்றையும் மாற்றித் தரும் படியான மேப்புக்குள் வைத்தால்தான் வம்பு. மேப் கேட்கும் ஃபங்ஷன் இன்டர்ஃபேஸின் அப்ளை மெத்தடில் த்ரோஸ், அதாவது 'இந்தப் பிழையை வீசக்கூடும்' என்ற அறிவிப்பு, கிடையாது. வெளி மெத்தடில் த்ரோஸ் ஐஓஎக்செப்ஷன் (கோப்பு படிப்பதில் வரும் பிழை) என்று எழுதி வைத்தாலும் கம்பைலர் மசியாது. லாம்டாவைக் குறைசொல்ல முடியாது. காலபிள் என்ற இன்னொரு இன்டர்ஃபேஸின் கால் மெத்தடில் த்ரோஸ் எக்செப்ஷன் இருப்பதால் அங்கே இந்தத் தொல்லையே இல்லை. அறிவிக்காமலே வீசக்கூடிய அன்செக்ட்ஐஓஎக்செப்ஷனும் ஜாவா 8-லேயே வந்தது. ஐஓஎக்செப்ஷனை அதற்குள் வைத்து வீச ஒரு சின்ன ரேப்பர் மெத்தட் வைத்திருக்கிறேன், ஒழுங்காக ஓடுகிறது. லொம்பொக் லைப்ரரியில் உள்ள, பிழையை அறிவிக்காமலே வீசவிடும் ஸ்னீக்கித்ரோஸையும் சிலர் சொல்வார்கள். அதை லாம்டாவின் மேல் போட முடியாது. தனி மெத்தடில் போட்டாலோ, வெளியே ஐஓஎக்செப்ஷனைப் பிடிக்கப் போகும்போது 'அப்படி எதுவும் இங்கே வீசப்படவில்லையே' என்று கம்பைலர் மறுக்கும்.

எனக்கு ஆறாத எரிச்சல், கோப்பின் வரிகளை ஸ்ட்ரீமாகத் தரும் ஃபைல்ஸ்.லைன்ஸ் மேல்தான். திறக்கும்போது தவறினால் ஐஓஎக்செப்ஷன். பாதி படித்தபின் தவறினால் அன்செக்ட்ஐஓஎக்செப்ஷன். மேப் எழுதிய வரியைச் சுற்றி கேட்ச் போட்டுப் புண்ணியமில்லை, முடிவைத் திரட்டும் கலெக்டைக் கூப்பிடும் வரை ஒரு வரியும் படிக்கப்படுவதில்லை. எடைமேடைக் கணினி யுடிஎஃப்-8 அல்லாத எழுத்து ஒன்றைக் கோப்பில் விட்டிருந்தால், உள்ளே இருக்கும் மால்ஃபார்ம்ட்இன்புட்எக்செப்ஷன் சொல்லும் விளக்கம் முழுவதும் இதுதான்: 'இன்புட் லெங்த் = 1'. கோப்பின் பெயர் இல்லை, வரி எண் இல்லை. காலையில் கிராணி (ஆலைக் குமாஸ்தா) போன் போட்டு "எந்த ஃபைல் தம்பி?" என்கிறார். நான் என்னத்தைச் சொல்ல?

ரேப்பர் மெத்தடுக்குள்ளேயே கோப்பை முழுக்கப் படித்து, தவறினால் கோப்பின் பெயரையும் சேர்த்து வீசினால் இது தீரும். என்னுடையது அப்படித்தான் வீசுகிறது, தம்பிக்கும் அனுப்பிவிட்டேன். ஆனால் பெயர் தெரிந்தாலும், ஒரு கெட்ட கோப்பு வந்தால் மிச்சக் கோப்புகளின் கணக்கும் அங்கேயே நின்றுவிடும். கூடவே எழுதினேன்: "லைப்ரரி எதுவும் வேணாம். கோப்பு படிக்கிற இடத்துல பழைய ஃபார் லூப்பே போடு. கெட்ட ஃபைல் பேரை லிஸ்ட்ல சேர்த்துட்டு அடுத்ததுக்குப் போ." ஸ்ட்ரீமை இவ்வளவு மெச்சியவன் இப்படிச் சொல்லலாமா என்கிறான். இன்று காலையும் கிராணி கூப்பிட்டார், அதுதான்.